மொனிகாவின் பெயரில் இரண்டு வருடம்

பலெர்மோ
24 பங்குனி 1996, ஞாயிறு

அன்புள்ள மகள் லக்ஷனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் குறை சொல்ல முடியாத சுகத்தோடு இருக்கிறோம், அந்தப் பனிக்குள் உன்னையும் ஒரு நோய்நொடி அண்டாமல் நல்லூரான் பார்த்துக்கொள்ள வேண்டும். உன்னுடைய கடிதம் போன செவ்வாய் கிடைத்தது. வேலை வீட்டுக் கட்டட வாசலில் இருக்கிற காவலாளி வழக்கம்போல மொனிகா, மொனிகா என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுத்தான் தந்தார். நீ இரண்டாம் முறையும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாய். மாரி முழுக்க உங்கள் கட்டடத்தில் சூடாக்கி வேலை செய்யவில்லை, பிள்ளைகள் கோட்டோடு படுக்கின்றன, குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து சங்கம் தொடங்கி உன்னைத் தலைவியாக நிற்கச் சொல்கிறார்கள், மாநகரசபைக்குப் போகிற முறைப்பாட்டில் முதல் பெயராக உன் பெயரைக் கேட்கிறார்கள், நிற்கலாமா வேண்டாமா என்று. மாசியில் நான் எழுதிய பதில் எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விடாதே, வீட்டுச் சொந்தக்காரன் உன்னைத்தான் முதலில் வீட்டைவிட்டு எழுப்புவான், அறுபது குடும்பம் இருக்கிற இடத்தில் உன் பெயர்தானா கிடைத்தது, தானுண்டு தன் வேலையுண்டு என்று இரு என்று எழுதியிருந்தேன். சித்திரை 14 இல் கூட்டம் என்கிறாய், இது அதற்கு முன் கிடைத்துவிடும். முழுக்க வாசித்துவிட்டு முடிவெடு, சின்ன வயதில் கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தது போல வாசிக்காதே. ரெலிபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பதினேழு வருடம் யாழ்ப்பாணம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான், லைனில் யார் யார் காதை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுப் புதினம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மொண்டெல்லோவில் அவர் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையைப் பெரிய வெள்ளிக்கு முன் திறக்கப் போகிறார்களாம், கதிரை மேசைக்குப் பெயின்ற் அடிக்கிறார், தன்னுடைய உடுப்புக்கும் அடித்துக்கொண்டு வருகிறார். சின்னம்மாவிடமிருந்து மூன்று மாதமாக ஒன்றும் இல்லை. ஐப்பசியில் எல்லாரோடும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபின் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கொழும்புக்கு வந்த ஒருவர் சொன்னதுதான் கடைசி. கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் கோப்பையில் சோற்றைப் போடும்போது நினைவு வந்துவிடுகிறது. இன்று காலை பெல்லெக்ரீனோ மலை ஏறி ரோசாலியா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். சைவக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே. ஏறும்போது வேதக்காரர் செபமாலையோடு முன்னால் போவார்கள், நாங்கள் கற்பூரத்தோடு பின்னால், இறங்கும்போது எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்குவோம். இப்போது அல்பெர்கேரியாவில் எங்கள் அறையில் இருந்து எழுதுகிறேன், ஞாயிறும் வியாழன் பின்னேரமும்தான் இந்த அறை எனக்கு, மற்ற நாளெல்லாம் லிபெர்த்தா தெருவில் வேலை வீட்டிலேயே தங்கல்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கடித உறையில் மொனிகா என்று எழுதச் சொன்னேன், ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே எங்கள் ஆட்கள் வேலை வீட்டைக் கைமாற்றுவது சீதனம் கொடுப்பது போல. ஒருத்தி வேறு நாட்டுக்குப் போவதானால் வீட்டைத் தெருவில் விட்டுவிட்டுப் போகமாட்டாள். தெரிந்தவள் ஒருத்தியைக் கூட்டிவந்து அடுப்பைக் காட்டி, மருந்தைக் காட்டி, எஜமானிக்கு எதற்கெல்லாம் கோபம் வரும் என்பதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவாள். பல வீடுகளில் பெயரும் சேர்ந்தே கைமாறும், புதுப் பெயரைப் பழக அவர்களுக்குப் பஞ்சி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாலு பேர் மாறியும் வேலைக்காரி இன்றைக்கும் றம்யாதான். எனக்கு வீடு தந்தவள் மன்னார் மொனிகா, ஜேர்மனியில் இருந்த கணவர் பெனடிக்றிடம் போய்விட்டவள். நான் பார்க்க வேண்டியது மிஸிஸ் எடித் கால்டர் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்மணியை. வயது எழுபத்தெட்டு, கண் இரண்டும் போய்விட்டது, சக்கர நாற்காலி. அவருடைய மகளைத்தான் நான் சிஞ்ஞோரா என்று எழுதுவது, இங்கத்தைய சட்டத்தரணி ஒருவரைக் கட்டியிருக்கிறார். நான் போன முதல் நாள் சிஞ்ஞோரா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, அம்மா இப்பதான் ஆஸ்பத்திரியாலை வந்தவ, ஆள் மாறினது தெரிஞ்சால் குழம்பிப் போவா, நீங்கள் மொனிகாவாகவே இருங்கோ என்றார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எக்ஸ்சேஞ்சிலும் எங்களுக்குப் பெயர் இல்லை, லைனில் நான் பதினொன்று. சுப்பவைசர் ஜெயரட்ணம் ஐயா, கேக்கிறது உன்ரை வேலை, சொல்லுறது உன்ரை வேலை இல்லை என்று எங்களைப் பழக்கியவர். பதினேழு வருடம் பதினொன்றாக இருந்தவளுக்கு மொனிகாவாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். காகிதத்திலும் அந்த வீட்டில் வேலை செய்பவள் மொனிகாதான், அவளுடைய பதிவை ஒருவரும் வெட்டவில்லை, என்னைப் பதியவும் இல்லை. பதிவில்லாதவளுக்குப் பெர்மெசோ என்கிற தங்கும் அனுமதி இல்லை, அது இல்லாதவள் இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர முடியாது. எட்டு வருடமாக உன் முகத்தைப் படத்தில் மட்டும் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மிஸிஸ் கால்டர் கதை சொல்வதில் கெட்டிக்காரி. காலைக் கஞ்சியோடு தொடங்கினால் மத்தியானச் சூப் வரைக்கும் போகும். ஆனால் அவர் என்னை மொனிகா என்று நினைத்ததால் முதலிலிருந்து தொடங்கவில்லை, போன மாரியில் சொன்னேனே, அதற்குப் பிறகு என்றுதான் தொடங்கினார். அதாவது நான் போய்ச் சேரும்போது கதையில் அவர் ஏற்கெனவே மறியலில், சிறைக்குள் இருந்தார். எப்படி உள்ளே போனார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. தெருமுனை ரெலிபோனில் ஜேர்மனிக்கு எடுத்து மொனிகாவிடம் விசாரித்தேன். அவள், ஐயோ அக்கா, நான் யெஸ் யெஸ் எண்டு சொல்லிக்கொண்டு வெங்காயம் வெட்டினனான், ஏதோ கோடு, வழக்கு எண்டு போனவவாம், பாவம் மனுசி என்றாள். இரண்டு வருடத்தில் நானாகப் பொறுக்கிச் சேர்த்தது இவ்வளவுதான். அமெரிக்காவின் தென்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மிஸிஸ் கால்டர் அங்கே பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. கறுப்பு ஆட்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் எழுதப் போனால் எழுத விடமாட்டார்கள், எழுதுவினைஞன் ஏதாவது சட்டக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவான். இவர் பதினொரு முறை போய்த் திரும்பி, பன்னிரண்டாம் முறை திரும்பமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். பத்தொன்பது நாள் மறியல். பள்ளிக்கூட வேலை போனது, வீட்டு யன்னலுக்குத் துப்பாக்கிச் சூடு விழுந்தது. அதன்பிறகு பஞ்சு வயல்களுக்குள் வீடு வீடாகப் போய்ச் சனங்களுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியிருக்கிறார். பத்து வருடத்துக்குள் அந்தச் சனம் இவரையே மாநிலச் சட்டசபைக்குத் தெரிவு செய்தது, வெற்றிப் பத்திரத்தைக் கையில் கொடுத்தவன் பதினொரு முறை திருப்பி அனுப்பிய அதே எழுதுவினைஞன். நாலு தவணை இருந்தார். கொண்டுவந்த சட்டங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார், தோற்ற ஒன்றைப் பற்றித்தான் பேசுவார். மற்றவர் வீடுகளில் வேலை செய்கிறவர்களைப் பெயரோடு பதிந்து கையில் ஒரு பத்திரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். இரண்டு வாக்கில் தோற்றதாம். அதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார், நான் யெஸ் என்று சொல்லிக்கொண்டு அவருடைய காலுறையைப் போட்டுவிடுவேன். ஊருக்குத்தானடி உபதேசம் என்பார்கள், ஆனால் தன் மகள் வீட்டுக் காகிதம் மனுசிக்குத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள், மொனிகா, உன்ரை இங்கிலிஸ் கெதியாய்த் திருந்திட்டுது என்றார். றேடியோ கேட்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன கார்த்திகையில் இங்கே ஒரு புதுச் சட்டம் வந்தது. பதிவில்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு வேலை கொடுப்பவர் கையெழுத்து வைத்துக்கொடுத்தால் பெர்மெசோவுக்கு விண்ணப்பிக்கலாம், பங்குனி முடிவதற்குள் குவெஸ்தூராவில், அதுதான் காகிதம் பார்க்கிற பொலிஸ் கந்தோரில், கொடுக்க வேண்டும். மார்கழியில் சிஞ்ஞோராவிடம் கேட்டேன், அவரிட்டைக் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் என்றார். தையில் கேட்டேன், நாளைக்கு என்றார். இந்த ஊரில் நாளைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்றாம் முறை கேட்க வாய் வரவில்லை. அப்பாவும், வாயைத் திறக்காதை, இருக்கிற வேலையும் போயிடும் என்றார். மொனிகாவின் பதிவை வெட்டினால்தான் என்னைப் பதியலாம், அவளுடைய சோற்றில் மண் போடுவதா என்றும் ஒரு யோசனை. அந்த மனநிலையில் இருந்துதான் உனக்கு மாசிக் கடிதத்தை எழுதினேன். புத்தி சொன்னேன் என்று நினைத்திருப்பாய், உண்மையில் பயத்தைத்தான் உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பங்குனி இரண்டாம் திகதி, சனிக்கிழமை, அமெரிக்காவிலிருந்து ஒரு பல்கலைக்கழகப் பெண் ரேப் றெக்கோடரோடு வந்தாள். மிஸிஸ் கால்டரின் வாழ்க்கையை முதலிலிருந்து பதிய வேண்டுமாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், பாதியில் போய்ப் பார்த்த படத்தின் முதல் பாதி கடைசியில் கிடைக்கப் போகிறதே என்று. தண்ணீரோடும் குளிசையோடும் பக்கத்தில் இருந்தேன். அவர் ஆறு வயதில் நடந்ததிலிருந்து தொடங்கினார். தாய் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல். ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சொருகிவிட்டது, இவர் தாயைக் கூப்பிட இரண்டு மைல் ஓடிப்போய்ப் பின்கதவைத் தட்டியிருக்கிறார். பெரிய ஆட்கள் வீட்டில் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று பழக்கியிருந்தபடியால், லூசிண்டா இருக்கிறாவோ என்று கேட்டிருக்கிறார். கதவைத் திறந்த துரைசாணி, அப்பிடி ஒருத்தியும் இஞ்சை இல்லை, ஆனி எண்டு ஒருத்திதான் இருக்கிறாள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். ஆனி என்பது முன்பிருந்த சமையல்காரியின் பெயர். பிள்ளைக்கு அது தெரியாது, வீடு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து அழுதுகொண்டு திரும்பி ஓடியிருக்கிறது. தாய் இருட்டிய பிறகு வந்தபோது தம்பி பிழைத்துக் கிடந்தான், ஆனால் அவனுக்கு இரண்டு காதும் செத்துவிட்டன. தாய் அப்போது உள்ளே, கதவுக்குப் பத்தடிக்குள்தான் நின்றவராம். குழாயில் தண்ணீர் ஓடின சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாவாம், நான் இரண்டாந்தரம் கேக்கேல்லை என்றார் மிஸிஸ் கால்டர்.

அந்த நேரம் கசற்றின் ஒரு பக்கம் முடிந்தது. அந்தப் பெண் மறுபக்கம் திருப்பிப் போட்டாள். நடுவில் நான் குளிசை நேரம் என்று இரண்டு வார்த்தை பேசியிருந்தேன், அந்தக் குரல் யாருடையது என்று பதிவில் இருக்க வேண்டும், உங்கள் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள் என்று என் பக்கம் மைக்கைத் திருப்பினாள். சிஞ்ஞோரா கோப்பித் தட்டோடு அறை வாசலில் நின்றார். மிஸிஸ் கால்டர், சொல்லு மொனிகா, வெக்கப்படாதை என்றார். நான் நாகபூசணி இராசரத்தினம் என்று சொன்னேன். வீரம் என்று நினைக்காதே மகள், என்னிடம் அது இருந்திருந்தால் இரண்டு வருடம் முன்பே சொல்லியிருப்பேன். அந்த லூசிண்டா கதவுக்குப் பின்னால் நின்றது போல நானும் நிற்கிறேன் என்று பட்டது, வாய் தன் பாட்டில் திறந்துவிட்டது. ஆர் அது என்று மிஸிஸ் கால்டர் கேட்டார். நான்தான், இரண்டு வருசமாய் நான்தான் என்றேன். அந்தப் பெண் பயந்துபோய்ப் பொத்தானை அமத்தப் போனாள், நிப்பாட்டாதை, ஓடட்டும் என்றார் மிஸிஸ் கால்டர். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார், நான் எக்ஸ்சேஞ்சில் பழகியது போலச் சுருக்கமாகப் பதில் சொன்னேன். சிஞ்ஞோராவின் கோப்பி ஆறிப் போய்விட்டது.

இரண்டு நாள் மனுசி என் கையால் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. மூன்றாம் நாள் குளிக்க வார்க்கும்போது, அந்தக் கதவைத் திறந்த துரைசாணியாய் என்னை இரண்டு வருசம் வைச்சிருந்திருக்கிறாய் என்றார். எனக்கும் கோபம் வந்தது. கதவுக்கு உள்ளுக்கை நிண்டது நான், ஏச்சும் எனக்கோ என்று கேட்டேன். அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து நான் அவரிடம் மனம் விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது. மனுசி என் விரல்களைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார், மொனிகாவின் விரலில் மோதிரம் இருந்தது, உன் விரலில் இல்லை, முதல் கிழமையே கை சொல்லிவிட்டது, ஆனால் நான் கேட்கவில்லை, கேட்டால் ஏதாவது செய்ய வேண்டி வரும், எனக்கும் வயது போய்விட்டது, வசதியாக இருந்தது, கேட்காமல் விட்டுவிட்டேன் என்று. அதைச் சொல்லும்போது அழுதார். நான் முதுகைத் துடைத்துவிட்டேன். உடுப்பு மாற்றியபின், எங்கை உன்ரை காகிதம், சொல்லு என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று பின்னேரமே மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். சிஞ்ஞோரா நாளைக்கு என்றார். நாளைக்கு வந்தது, அவொக்காத்தோ, அதுதான் சட்டத்தரணி மருமகன், வழக்குத் தவணைக்குப் போய்விட்டார். புதன்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் அவர், காகிதத்தில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், இப்போது கிளறினால் பழையதற்கும் கணக்குக் கேட்பார்கள், அடுத்த முறை சட்டம் வரும்போது பார்ப்போம் என்றார். மிஸிஸ் கால்டர் சாப்பிட்டு முடித்தார். வியாழன் காலை எழும்பி, தன்னுடைய நீலத் தொப்பியையும் கையுறையையும் கைப்பையையும் கேட்டார், பைக்குள் பல்துலக்குகிற பிறஷ் ஒன்றும் வைக்கச் சொன்னார். எங்கே பயணம் என்றேன். மறியலுக்குப் போற நாளிலைதான் நல்லாய் உடுக்க வேணும் என்றார். அந்த வீட்டில் முன்னறை இரண்டும் அவொக்காத்தோவின் கந்தோர். வழக்குக்கு வருகிற கட்சிக்காரர் எல்லாரும் எங்கள் நடைக்குள்ளால் வந்துதான் போக வேண்டும். என்னை நாற்காலியைத் தள்ளச் சொல்லி, கந்தோர் வாசலுக்கு நடுவில் நிறுத்திப் பிறேக்கைப் போடச் சொன்னார். எனக்காகச் செய்கிற மறியல் போராட்டத்துக்கு நானே வண்டி தள்ளினேன் மகள். சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்று அப்பா பிறகு சொன்னது இதைத்தான். நீயும் பக்கத்திலை இரு என்றார். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றேன். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வா, ஏப்ரனைக் கழட்டு, நல்லதாய் ஒண்டு உடு என்றார். நல்லூர்த் தேருக்குக் கட்டுகிற என் ஊதாச் சேலை பெட்டிக்குள் இருந்தது, அதைக் கட்டிக்கொண்டு குசினி முக்காலியைப் போட்டு இருந்தேன்.

முதலில் வந்தவர் மொன்றியாலே என்கிற பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவர், அவொக்காத்தோவுக்கென்று ஒரு பெட்டி ஆர்ட்டிசோக் காய் கொண்டு வந்தவர். வாசலில் தொப்பியோடு ஒரு கறுப்பு ராணியையும் ஊதாச் சேலையில் ஒருத்தியையும் கண்டு, தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மிஸிஸ் கால்டர் கையை நீட்டினார். கிழவர் அந்தக் கையை முத்தமிட்டு, பெட்டியை அவருடைய மடியிலேயே வைத்துவிட்டு, நடையில் இருந்த கதிரையில் போய் இருந்துவிட்டார். பிறகு வந்தவர்களும் அவருக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தார்கள். அவொக்காத்தோ முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பத்தரைக்கு மேல் கத்தினார். மிஸிஸ் கால்டர் ஏதோ தேவாரம் போல ஒன்றை மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா அழுதுகொண்டு வந்து, அம்மா, எங்களை ஊருக்கு முன்னாலை வெக்கப்படுத்தாதேங்கோ என்றார். வெக்கம் வந்து இரண்டு வருசமாச்சு, நான் கதவடிக்கு வந்ததுதான் இண்டைக்கு என்றார் தாய். அப்பாவுக்கு மத்தியானம் ரெலிபோனில் சொன்னேன். வேலை போனால் என்ன செய்யப் போறாய் என்று கேட்டார், பிறகு அவரே, என்ன சேலை கட்டினனீ என்றும் கேட்டார். வெள்ளிக்கிழமையும் அதே தொப்பி, அதே சேலை. அன்று முதல் ஆளாக அந்தக் கிழவரே திரும்பி வந்து, என்ன விசயம் என்று என்னிடம் கேட்டார், என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் நடையில் நின்றபடியே உள்ளே பார்த்து, அவொக்காத்தோ, ஒரு கையெழுத்துத்தானே என்று சத்தமாகக் கேட்டார். கதிரையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு முன் கையெழுத்து விழுந்தது.

மொனிகாவுக்கு எடுத்துப் பயந்து பயந்து சொன்னேன். அவள், எனக்கு உந்தப் பலெர்மோ இனி ஏன் அக்கா, வெட்டி விடுங்கோ, உங்களுக்குத்தான் விருப்பமில்லையாக்கும் எண்டு நான் இருந்திட்டன் என்றாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும், அதை நினைத்தால் எனக்கு என்னிலேயே எரிச்சல். போன வியாழன் குவெஸ்தூராவுக்குப் போய் வரிசையில் ஏழு மணித்தியாலம் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பெர்மெசோ இன்னும் கிடைக்கவில்லை, மாதக்கணக்கு ஆகலாம், கிடைக்காமலும் போகலாம் என்கிறார்கள். துண்டு ஒன்று தந்திருக்கிறார்கள், அதில் என் பெயரும் படமும் இருக்கிறது. அப்பா அதைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு ரோசாலியா மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதே. சிஞ்ஞோரா என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார். ஒருநாள் குசினிக்குள் வந்து, எனக்கு ஒன்பது வயதில் சின்னமுத்து வந்தபோது அம்மா மற்ற ஆட்களுக்காக மறியலில் இருந்தா, எனக்காக ஒருநாளும் ஒரு கதவடியிலையும் இருக்கேல்லை என்றார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பெயர் கொடுத்து நிற்கிறவர்களின் வீட்டில் யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருப்பார், அதையும் நீ யோசிக்க வேண்டும். அவர் சொன்னபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. பத்தொன்பது வயதில் உன்னை ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்து, வேறு யாரோ ஒருத்தியின் பாஸ்போட்டில் விமானம் ஏற்றினேன். கட்டுநாயக்காவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஆர் கேட்டாலும் உன்ரை பேரைச் சொல்லிப்போடாதை என்று கடைசியாகச் சொன்னதும் நான்தான். அன்றைக்கு அது சரி. சொல்லியிருந்தால் நீ இன்றைக்கு இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்தபிறகு, இனிச் சொல்லலாம் பிள்ளை என்று நான் சொல்லவேயில்லை, எட்டு வருடமாக மறந்துபோனேன். அந்த மாசிக் கடிதத்தைக் கிழித்துவிடு. சங்கத்துக்கு நிற்பதும் நிற்காமல் விடுவதும் உன் விருப்பம், வீட்டுச் சொந்தக்காரன் தொல்லை தரத்தான் செய்வான், அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது எனக்கு. ஆனால் நிற்கிறதானால் தனியாக நிற்காதே, அந்த அறுபது குடும்பத்தையும் நடையில் கதிரை போட்டு இருத்திவிட்டு நில். கூட்டத்துக்கு நல்லதாக ஒன்றை உடுத்துக்கொண்டு போ.

மிஸிஸ் கால்டர் இப்போது காலையில் கஞ்சிக்கு முன் என் பெயரைச் சொல்லிப் பழகுகிறார். நாகா என்று பாதியோடு நின்றுவிடுகிறது, அது போதும் என்றேன். பாதிப் பேருக்கு நான் ரெண்டு நாள் கதவடியிலை இருக்கேல்லை என்று ஏசினார். முந்தநாள், அந்தக் கதைகளையெல்லாம் வேறு ஆளுக்கு அல்லவா சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துவிட்டு, தாய் லூசிண்டா பிறந்த வீட்டிலிருந்து திரும்பவும் தொடங்கியிருக்கிறார். கதை மறியலுக்கு வர எப்படியும் கார்த்திகை ஆகும். வெங்காயத்தைப் பிறகு வெட்டலாம் என்று இருந்து கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, வருசப்பிறப்புக்கு ஒரு பாலாவது காய்ச்சிப் பொங்கு. அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும், மலையில் இருக்கிறவளுடையதும் நல்லூரில் இருக்கிறவனுடையதும் உன்னோடு இருக்கட்டும். மறந்துவிடாதே, இனிமேல் உறையில் மொனிகா என்று எழுத வேண்டாம். வேலை வீட்டுக் காவலாளியிடம் சொல்லியாயிற்று. தபால்பெட்டியில் ஒட்டச் சொல்லி ஒரு துண்டுக் காகிதம் தந்தார், ஒரு வரியில் இடம் போதவில்லை, இரண்டு வரியாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாகபூசணி
இராசரத்தினம்